இடப்பக்கம்

அப்பா குடிப்பதில்லை.
அதனால்தான் யாரும் நம்புவதில்லை.

செம்பனை ஆலையின் எடைமேடையில்
லோரிகளை நிறுத்தி எழுதுகிற கை.
ஒரு கிலோ கூடாது, குறையாது என்பார்கள்
லாபிஸ் பட்டணம் முழுக்க.
கோயில் கணக்கும் அவரிடம்தான்.

வீட்டில்
முதலில் தொலைக்காட்சியின் சத்தம் ஏறும்.
பதினெட்டு. இருபத்திரண்டு. முப்பது.
செய்தி வாசிக்கிறவர் கத்தத் தொடங்கியதும்
அம்மா அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு
கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவுவாள்.

உனக்கு நல்ல காது, எங்கே பழகினாய்
என்று கேட்டார் பேண்ட் வாத்திய ஆசிரியர்.
கேட்டின் தாழ்ப்பாள் விழும் ஓசையிலேயே
அன்றைய இரவைக் கண்டுபிடிக்கிறவளுக்கு
கிளாரினெட் என்ன கஷ்டம்?
சும்மா வருது சார், என்றேன்.

மார்ச் மாதம் அந்தக் காதில் ஒன்று போனது.
அவரே கிளினிக்குக் கூட்டிப்போனார்.
பஞ்சுக்குச்சி விட்டுக் குடைந்துகொண்டாள், டாக்டர்,
சொன்னா எங்கே கேட்கிறா.
டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.
அன்றிலிருந்து இடது காதில் ஒரு கொசு.
ஒரே சுரம்,
ஃபாவுக்குக் கொஞ்சம் மேலே,
தூங்கும்போதும் விடுவதில்லை.

பெய் ஷான் இரண்டாம் கிளாரினெட்.
எப்போதும் என் வலப்பக்கம் உட்காருகிறவள்
ஒரு திங்கட்கிழமை
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
என்னைச் சுற்றி வந்து
இடப்பக்கம் போட்டுக்கொண்டாள்.
ஏன் என்றேன்.
அங்கே வெயில், என்றாள்.
ஜன்னல் இருந்ததே இடப்பக்கம்தான்.

என் சுரம் தாழ்ந்தால்
அவள் காலணி என் காலணியை ஒருமுறை அழுத்தும்.
ஏறினால் இருமுறை.
சாலையிலும் இடப்பக்கமே நடந்தாள்.
பழக்குலை ஏற்றிய லோரி பின்னால் வந்தால்
பையைப் பிடித்து இழுத்தாள்.
பாவம் பார்க்காதே என்று ஒருநாள் கத்திவிட்டேன்,
ரயில் நிலையத்துக்கு எதிரே, எல்லோர் முன்னாலும்.
அவள் ஐஸ் மிட்டாயைக் கடித்தபடி
முடிந்ததா, என்றாள் மலாயில்.
முடிந்திருந்தது.

கிளாரினெட் பள்ளிக்கூடத்துச் சொத்து, எண் பதினான்கு.
வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.
அவர்கள் டயர் கடையில்
பழைய டயர்களின் குகைக்குள் வைத்திருக்கிறோம்.
முதல்நாள் அங்கே வாசித்துக்கொண்டிருந்தபோது
அவள் அப்பா ஸ்பேனரை இரும்புத் தட்டில் போட்டார்.
என் இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டன.
வாத்தியம் மடியில் கிடந்தது.
அவர் பார்த்தார்.
நூடல்ஸில் முட்டை போடவா, என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அந்தத் தட்டில்
பழைய துணி ஒன்று விரித்திருந்தது.
ஒரு மனிதன்
சத்தமில்லாமல் இரும்பைக் கீழே வைப்பதை
நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.
அழவில்லை.
முட்டையை முதலில் தின்றேன்.

படிவத்தை எங்கள் ஊரில் பாரம் என்போம்.
ஆலோசகர் டீச்சர் கொடுத்த பாரம்
மூன்று வாரமாகப் பெட்டிக்குள்,
ரீடுகளுக்கு அடியில்.
இன்று எடுத்தோம்.
பெயர். வகுப்பு. அடையாள அட்டை எண்.
'யாரால்' என்ற கோட்டில் பேனா நின்றது.
வெளியே கம்ப்ரசர் மூச்சுவிட்டு அடங்கியது.
அவள் அப்பா வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்.
குறைத்தார்.

எழுதினேன்.
அப்பாவின் பெயர் நீளம், கோடு போதவில்லை.
மிச்சத்தை ஓரத்தில் மடக்கி எழுதினேன்.
நாளைக்கு டீச்சர் யாரைக் கூப்பிடுவாரோ,
அம்மா எந்தப் பக்கம் நிற்பாளோ,
கோயிலில் என்ன பேசுவார்களோ
தெரியவில்லை.

ரீடை நனைத்து உதட்டில் வைத்தேன்.
காற்று நடுங்கிக்கொண்டு வெளியே வந்தது.
இடப்பக்கமிருந்து
ஒரு காலணி, ஒருமுறை.

தாழ்ந்திருக்கிறேன்.
ஏற்றினேன்.